வளாகத்தில் மாணவர் போராட்டம்: பல்கலைக்கழக நிர்வாகம் செய்ய வேண்டியவை – முழுமையான வழிகாட்டி

மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்தின் முன் வந்து உட்காரும் நாளுக்கு வெகு முன்பே, அவர்களுடைய கோரிக்கை ஒரு மனுவாக எழுதப்பட்டு, துறைத்தலைவரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ கொடுக்கப்பட்டு, பதில் வராமல் கிடந்திருக்கும். விடுதிச் சாப்பாடு, கட்டண உயர்வு, தாமதமாகும் தேர்வு முடிவு, பாலியல் தொந்தரவுப் புகார் என எதை எடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கிறது. ஆகவே கூட்டத்தை எப்படிக் கலைப்பது என்று யோசிக்கத் தொடங்கும் நிர்வாகம் தவறான இடத்தில் தொடங்குகிறது. மாணவர்கள் கேட்டதற்கு, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், எழுத்தில், தேதி குறிப்பிட்டு எப்படிப் பதில் சொல்வது என்பதே முதலில் யோசிக்க வேண்டியது. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்து முடிப்பதற்கானவை. துணைவேந்தர், பதிவாளர், கல்லூரி முதல்வர், புலத்தலைவர், விடுதிக் காப்பாளர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்பட்டுள்ளது. சட்டங்கள் இந்தியாவுக்கு உரியவை; நிகழ்வுகளில் பல தமிழ்நாட்டைச் சேர்ந்தவை.

படி 1: போராட்டம் இல்லாத நாட்களில் செய்ய வேண்டியவை

அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடும் உரிமையை அரசியலமைப்பின் 19(1)(ஆ) பிரிவு தருகிறது. பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(3) இடமளிக்கிறது. இந்தியா ஏற்றுக்கொண்டுள்ள குடிமை மற்றும் அரசியல் உரிமைகள் உடன்படிக்கையை விளக்கி ஐ.நா. மனித உரிமைக் குழு 2020இல் வெளியிட்ட 37ஆவது பொதுக் கருத்துரை, ஒரு கூட்டம் அமைதியானது என்ற அனுமானத்தோடுதான் அதிகாரிகள் அதை அணுக வேண்டும் என்றும், அதில் ஓரிருவர் செய்யும் வன்முறையைக் கூட்டம் முழுவதன் மேலும் ஏற்றக் கூடாது என்றும் சொல்கிறது. நிர்வாகம் தன் விதிகளை இந்த வரம்புக்குள் நின்று எழுத வேண்டும். எந்த இடத்தில் கூடலாம், எந்த நேரம் வரை ஒலிபெருக்கி வைக்கலாம், நூலகம், ஆய்வகம், மருத்துவமனை, தேர்வு அறை ஆகியவற்றின் வாசலில் எவ்வளவு வழி விட வேண்டும் என்பதை விதியாக்கலாம். எதைப் பற்றிப் பேசலாம், யாரை எதிர்த்து முழங்கலாம் என்பதை விதியாக்கக் கூடாது.

இடத்தைக் குறிக்கும்போது ஒரு நேர்மை தேவை. பிரதான நுழைவாயிலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி, யார் கண்ணுக்கும் படாத விளையாட்டுத் திடலின் மூலையைப் போராட்டத்துக்கென்று ஒதுக்கினால், மாணவர்கள் அங்கே போக மாட்டார்கள். அந்த விதியும் முதல் நாளிலேயே மதிப்பிழந்துவிடும். நிர்வாகக் கட்டடத்தின் பார்வையில் உள்ள, நிழலும் குடிநீரும் கழிப்பறையும் அருகில் உள்ள ஓர் இடமே பொருத்தமானது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2023இல் கொண்டுவந்த விதிகளைப் போல, கல்விக் கட்டடங்களின் அருகே தர்ணா நடத்தினால் 20,000 ரூபாய் வரை அபராதம் என்று அறிவிப்பது, ஏழை மாணவரை மட்டும் வாய் திறக்க விடாமல் செய்யும். தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரிகள் பலவற்றில், சேர்க்கையின்போதே ‘எந்தப் போராட்டத்திலும் ஈடுபட மாட்டேன்’ என்று மாணவரிடமும் பெற்றோரிடமும் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்தத் தாள் எந்தக் குறையையும் தீர்ப்பதில்லை. குறை நிர்வாகத்தின் காதுக்கு வரும் வழியைத்தான் அடைக்கிறது.

அடுத்து, மனு போய்ச் சேரும் வழி. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். புகார் கிடைத்த 15 வேலை நாட்களுக்குள் அந்தக் குழு தன் பரிந்துரையை நிர்வாகத்துக்கும் புகார் கொடுத்த மாணவருக்கும் அனுப்ப வேண்டும். முடிவில் நிறைவடையாதவர் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் ஓய்வுபெற்ற துணைவேந்தராகவோ, பேராசிரியராகவோ, முன்னாள் மாவட்ட நீதிபதியாகவோ இருப்பார். குழுவில் மாணவர் ஒருவர் சிறப்பு அழைப்பாளராக இடம்பெற வேண்டும். இந்தப் பெயர்கள் இணையதளத்தின் ஒரு மூலையில் இருப்பது போதாது. இன்று உங்கள் விடுதிக்குப் போய், இரண்டாம் ஆண்டு மாணவர் ஐந்து பேரிடம் குறைதீர்ப்புக் குழுவின் தலைவர் யார் என்று கேளுங்கள். ஒருவருக்கும் தெரியவில்லை என்றால், உங்கள் வளாகத்தில் அந்தக் குழு இயங்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

மாணவர் பேரவையைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மாணவர் தேர்தலை எப்படி நடத்துவது என்று ஆராய்ந்த லிங்டோ குழுவின் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தும்படி உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பரில் ஆணையிட்டது. இருந்தும் தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்த்து நிர்வாகமே பிரதிநிதிகளை நியமிக்கிறது. போராட்டம் வெடிக்கும் இரவில் இந்த நியமனப் பிரதிநிதிகள் சொல்வதை எவரும் கேட்க மாட்டார்கள். ‘பேச்சுவார்த்தைக்குத் தலைவர்களே இல்லை, யாரிடம் பேசுவது’ என்று அப்போது நிர்வாகம் புலம்புவதில் பொருளில்லை; மாணவர்கள் தம் தலைவர்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அதுவே மூடிவைத்திருந்தது.

படி 2: முதல் சில மணி நேரம்

கூட்டம் சேர்ந்துவிட்டது என்ற தகவல் வந்ததும் பொதுவாக நடப்பது என்ன என்பதை வளாகத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். பாதுகாவலர் ஒருவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து முகங்களைப் படம் எடுப்பார். இன்னொருவர் அடையாள அட்டைகளைக் கேட்டு வாங்கிப் பதிவெண்களைக் குறிப்பார். இரவு ஒன்பது மணிக்குள் ஊரில் உள்ள பெற்றோருக்குத் துறை அலுவலகத்திலிருந்து அழைப்பு போகும்: ‘உங்கள் பெண் வகுப்புக்குப் போகாமல் போராட்டத்தில் உட்கார்ந்திருக்கிறாள், டி.சி. கொடுத்து அனுப்ப வேண்டி வரும்.’ இந்த மூன்றும் சேர்ந்து, அதுவரை மெஸ் சாப்பாட்டைப் பற்றியதாக இருந்த கோரிக்கையைப் பழிவாங்கலைப் பற்றியதாக மாற்றிவிடும். மறுநாள் காலை கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியாக ‘எங்கள் மீது நடவடிக்கை எடுக்கக் கூடாது’ என்பது வந்து நிற்கும்.

அதற்குப் பதிலாக, முதல் ஒரு மணி நேரத்துக்குள் மூத்த பேராசிரியர் ஒருவர், மாணவர்கள் நம்புகிறவர், பாதுகாவலர்கள் சூழாமல் நேரில் போக வேண்டும். அவர் போவது சமாதானம் பேச அல்ல, கேட்டு எழுதிக்கொள்ள. ‘என்ன வேண்டும், முன்பு யாரிடம் சொன்னீர்கள், எப்போது சொன்னீர்கள், என்ன பதில் வந்தது’ என்ற நான்கு கேள்விகள் போதும். எழுதியதை அங்கேயே வாசித்துக் காட்டி, ‘நீங்கள் சொன்னது இதுதானா’ என்று உறுதி செய்துகொண்டு, எத்தனை மணிக்குள் யார் வந்து பதில் சொல்வார் என்பதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். சொன்ன நேரத்துக்கு வந்தே தீர வேண்டும். பதில் தயாராகவில்லை என்றாலும் வந்து அதைச் சொல்ல வேண்டும்.

அதே நேரத்தில் பதிவாளர் அலுவலகம் செய்ய வேண்டியவை: மருத்துவ மையத்தைத் திறந்துவைத்தல், இரவு என்றால் மின்விளக்குகள் எரிவதை உறுதி செய்தல், பெண் மாணவர்கள் இருந்தால் பெண் பேராசிரியர்களையும் பெண் பாதுகாவலர்களையும் வரவழைத்தல், அந்த நாளின் கண்காணிப்புக் கேமரா பதிவுகளை அழியாமல் எடுத்துவைத்தல். பின்னாளில் எழும் எந்தக் குற்றச்சாட்டுக்கும், நிர்வாகத்தின் மீது எழுவதற்கும் சேர்த்து, அந்தப் பதிவே சான்று.

படி 3: கோரிக்கையைப் பிரித்துப் பார்த்தல்

எழுதிவந்த கோரிக்கைகளை மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். பல்கலைக்கழகமே முடிவெடுக்கக்கூடியவை முதல் வகை: விடுதி நேரம், மெஸ் ஒப்பந்தம், மறுமதிப்பீட்டுக் கட்டணம், ஓர் ஆசிரியர் மீதான விசாரணை. அரசோ வேறு அமைப்போ முடிவெடுக்க வேண்டியவை இரண்டாவது. வளாகத்துக்கு வெளியே உள்ள அரசியல் நிகழ்வைப் பற்றியவை மூன்றாவது. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் பேசப் போகிறவர்கள், தம்மால் முடிந்ததைச் செய்யாமலும் முடியாததற்கு வாக்குக் கொடுத்தும் மாட்டிக்கொள்கிறார்கள்.

இரண்டாம் வகைக்குச் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி நல்ல பாடம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2013இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்த பிறகும், அங்கே எம்.பி.பி.எஸ். படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் 5 லட்சம் ரூபாய்க்கு மேல் இருந்தது. மற்ற அரசு மருத்துவக் கல்லூரிகளில் அது 14,000 ரூபாயைக்கூடத் தொடவில்லை. 2020 டிசம்பரில் தொடங்கிய போராட்டம் 50 நாட்களுக்கு மேல் நீடித்தது. கட்டணத்தைக் குறைக்கும் அதிகாரம் பல்கலைக்கழகத்திடம் இல்லை என்பது உண்மைதான். அத்தகைய நிலையில் நிர்வாகம் எடுக்கக்கூடிய சரியான நிலைப்பாடு ஒன்று உண்டு. மாணவர்களின் கோரிக்கையைத் தன் நிதிக் கணக்கோடு இணைத்து முதல் வாரத்திலேயே அரசுக்கு எழுதி, அந்தக் கடிதத்தின் நகலை மாணவர்களிடம் கொடுத்து, செயலாளரைச் சந்திக்க அவர்களின் பிரதிநிதிகளைத் தானே அழைத்துச் செல்வது. அங்கே நடந்ததோ வேறு: 2021 ஜனவரியில் கல்லூரி காலவரையின்றி மூடப்படுவதாகவும் விடுதிகளைக் காலி செய்ய வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. மாணவர்கள் அசையவில்லை. அந்த மாத இறுதியில் அரசு அக்கல்லூரியைச் சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவந்தது; அதைத் தொடர்ந்து கட்டணமும் அரசுக் கல்லூரிகளுக்கு இணையாகக் குறைக்கப்பட்டது. இறுதியில் ஏற்கப்பட்ட கோரிக்கைக்காக நோயாளிகளும் மாணவர்களும் இரண்டு மாதங்களை இழந்தார்கள்.

மூன்றாம் வகையில் நிர்வாகம் பதற்றமடைவது அதிகம், செய்ய வேண்டியதோ மிகக் குறைவு. 2013 மார்ச்சில் ஈழத் தமிழர்களுக்காக லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம், அவர்கள் அப்புறப்படுத்தப்பட்ட பிறகே மாநிலம் முழுவதும் பற்றியது. அரசு கல்லூரிகளைக் காலவரையின்றி மூடியது. 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் சேப்பாக்கம் வளாகத்தில் மாணவர்கள் அமர்ந்தபோதும் விடுமுறைதான் விடப்பட்டது. வெளியுறவுக் கொள்கையையோ நாடாளுமன்றச் சட்டத்தையோ துணைவேந்தர் மாற்ற முடியாது என்பது மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் அதை அவரிடம் கேட்கவும் இல்லை. இடம், பாதுகாப்பு, எதிர்க்கருத்து உள்ளவர்களுக்கும் அதே உரிமை, வருகைப் பதிவில் பழிவாங்காமை ஆகிய நான்கையும் உறுதி செய்துவிட்டு நிர்வாகம் விலகி நிற்பதே போதுமானது.

படி 4: பேச்சுவார்த்தை

பேச்சுவார்த்தைக்கு வருகிறவருக்குக் கையெழுத்திடும் அதிகாரம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இது இப்போது எளிய நிபந்தனை அல்ல. ஆளுநருக்கும் அரசுக்கும் இடையிலான பிணக்கால் பல பல்கலைக்கழகங்கள் அண்மை ஆண்டுகளில் நீண்ட காலம் துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழுக்களால் நடத்தப்பட்டன. குழுவின் தலைவர் சென்னையில், பதிவாளர் பொறுப்பு அலுவலராக, நிதி அலுவலர் விடுப்பில் என்றிருக்கும் வளாகத்தில், அவசர முடிவை யார் எடுப்பது என்பதை ஆட்சிக்குழு முன்கூட்டியே தீர்மானமாக நிறைவேற்றி வைத்திருக்க வேண்டும்.

பேச வருகிற மாணவர்களின் எண்ணிக்கையையும் பெயரையும் மாணவர்களே முடிவு செய்யட்டும். தலைவர் என்று எவரும் இல்லாத கூட்டமாக இருந்தால், வகுப்புக்கு ஒருவர், விடுதிக்கு ஒருவர் என்று அனுப்பச் சொல்லலாம். நிர்வாகத்தின் தரப்பில் ஐந்து பேருக்கு மேல் உட்காருவது நல்லதல்ல. நீண்ட மேசையின் ஒரு பக்கம் பன்னிரண்டு பேராசிரியர்களும் எதிரே மூன்று மாணவர்களும் இருக்கும் அறையில் யாரும் மனம் திறந்து பேசுவதில்லை. கைப்பேசிகளை வெளியே வைக்கச் சொன்னால், இரு தரப்பும் வைக்க வேண்டும். அப்படியானால் கூட்டக் குறிப்பை இரு தரப்பும் சேர்ந்து எழுத வேண்டும்.

அந்தக் குறிப்பில்தான் எல்லாம் இருக்கிறது. ‘மெஸ் தரம் குறித்த கோரிக்கை உரிய முறையில் பரிசீலிக்கப்படும்’ என்று எழுதி அனுப்பினால், அடுத்த மாதம் அதே மாணவர்கள் இன்னும் கோபத்தோடு வருவார்கள். அதையே இப்படி எழுதலாம்: ‘மெஸ் கண்காணிப்புக் குழுவில் மாணவர் நால்வர் 10ஆம் தேதிக்குள் சேர்க்கப்படுவர். தற்போதைய ஒப்பந்ததாரருக்கு அன்றே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பப்படும். மாத இறுதிக்குள் உணவு மாதிரி ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டு, முடிவு விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். பொறுப்பு: விடுதித் தலைமைக் காப்பாளர்.’ முடியாத கோரிக்கைக்கு ‘இது இயலாது’ என்று காரணத்தோடு எழுதுவதும் ஒரு பதிலே. தெளிவான மறுப்பை மாணவர்கள் பல நேரங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். இழுத்தடிப்பை ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை.

நிர்வாகம் தன் முடிவைத் திருத்திக்கொள்வதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை என்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் சான்று. அங்கிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவில் இடிக்கப்பட்டது. வாயிலில் இராணுவமும் காவல்துறையும் நிற்க, மாணவர்கள் உண்ணாவிரதத்தில் இறங்கினார்கள். வடக்கும் கிழக்கும் கொந்தளித்தன. ஜனவரி 11 காலையில் துணைவேந்தர் சிறிசற்குணராஜா மாணவர்களிடையே வந்து, அதே இடத்தில் மீண்டும் கட்டுவதற்கு அவர்களோடு சேர்ந்து அடிக்கல் நாட்டினார், உண்ணாவிரதம் முடிந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் தூபி மீண்டும் எழுந்தது. அவர் மீது இருந்த மேலிட அழுத்தம் சிறியதல்ல. அப்படிப்பட்ட சூழலிலும் நேரில் வந்ததும், அன்றைக்கே கண்ணால் காணும்படி ஒரு செயலைத் தொடங்கியதும்தான் நிலைமையை மாற்றின.

படி 5: விடுதி, உணவு, தண்ணீர், மின்சாரம்

இவற்றில் எதையும் போராட்டத்துக்கு எதிரான கருவியாகப் பயன்படுத்தக் கூடாது. இந்த ஒன்றில் விதிவிலக்கே கூடாது என்பது என் உறுதியான கருத்து. விடுதியில் தங்கியிருப்பவர்களில் போராட்டத்தில் கலந்துகொள்ளாதவர்களும் பலர் இருப்பார்கள். வட மாவட்டத்துக் கிராமத்திலிருந்தோ, அசாமிலிருந்தோ, அந்தமானிலிருந்தோ வந்து படிக்கும் ஒரு பெண்ணுக்கு மாலை ஐந்து மணிக்குச் சுற்றறிக்கை அனுப்பி, மறுநாள் காலைக்குள் அறையைக் காலி செய் என்றால் அவள் எங்கே போவாள்? ரயில் டிக்கெட்டுக்கே இரண்டு நாள் ஆகும். தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தினால், அந்தக் கணத்திலிருந்து நிர்வாகம் மனித உரிமை ஆணையத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் நிற்கும்.

மூடுவதால் போராட்டம் அடங்கும் என்ற நம்பிக்கையும் பொய்த்தே வந்திருக்கிறது. சென்னைக் கலாக்ஷேத்ராவில் 2023 மார்ச் இறுதியில், பாலியல் தொந்தரவுப் புகார்களை முன்வைத்து மாணவர்கள் அமர்ந்தபோது, ஏப்ரல் 6 வரை கல்லூரி மூடப்படும், விடுதியை இரண்டு நாட்களில் காலி செய்ய வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. மாணவர்கள் வளாகத்தை விட்டுப் போக மறுத்து இரவும் பகலும் அங்கேயே இருந்தார்கள். மாநில மகளிர் ஆணையத்தின் தலைவர் நேரில் வந்து அவர்களிடம் விசாரித்தார்; நூறை ஒட்டிய எண்ணிக்கையில் எழுத்துப் புகார்கள் கொடுக்கப்பட்டன. ஏப்ரல் தொடக்கத்தில் ஆசிரியர் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. மூடல் அறிவிப்பால் தடுக்கப்பட்டது எதுவுமில்லை.

படி 6: பாலியல் தொந்தரவுப் புகார் மையமாக இருக்கும்போது

இத்தகைய போராட்டத்தில் பேச்சுவார்த்தை விதிகள் சற்று மாறும். புகார் கொடுத்தவரின் பெயர், துறை, விடுதி, அறை எண் எதுவும் நிர்வாகத்தின் எந்தக் கடிதத்திலும் கசியக் கூடாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவருக்கு நேர்ந்த கொடுமையில், முதல் தகவல் அறிக்கையின் விவரங்கள் வெளியே கசிந்தது எவ்வளவு பெரிய இரண்டாம் காயமானது என்பதைத் தமிழ்நாடு கண்டது. சென்னை உயர் நீதிமன்றம் பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவரைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்ததோடு, அம்மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது.

மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி உள்ளகப் புகார் குழு 90 நாட்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். புகாரில் மாணவர் தொடர்புபட்டிருந்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் மூவர் குழுவில் இருக்க வேண்டும். 90 நாட்கள் வரை காத்திருங்கள் என்று மட்டும் சொல்வது போதாது. குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரருக்கு வகுப்பு எடுக்காமலும், விடைத்தாள் திருத்தாமலும், செய்முறைத் தேர்வுக்கு வராமலும் இருக்க இடைக்கால ஏற்பாட்டை அன்றே செய்ய முடியும். மாணவர்கள் முதலில் கேட்பதும் பெரும்பாலும் இதைத்தான். உள்ளகக் குழுவின் மீதே நம்பிக்கை இல்லை என்றால், வெளியிலிருந்து உறுப்பினர்களைக் கொண்டுவருவதில் தயக்கம் கூடாது.

படி 7: உண்ணாவிரதம்

முதல் நாளிலிருந்தே மருத்துவர் ஒருவர் காலையும் மாலையும் எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். அவர் நிர்வாகத்தின் தூதராகச் செயல்படக் கூடாது. மாணவரின் மருத்துவராக மட்டும் இருக்க வேண்டும். சுயநினைவோடு மறுப்பவருக்கு வலுக்கட்டாயமாக உணவூட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கத்தின் மால்டா அறிக்கை கூறுகிறது. நீரிழிவு, வலிப்பு போன்ற நோய்களுக்கு மருந்து எடுத்துக்கொள்பவர்களை மருத்துவர் தனியே அழைத்துப் பேச வேண்டும். பல நாள் பட்டினிக்குப் பின் உணவு தொடங்குவதும் மருத்துவர் பார்வையில்தான் நடக்க வேண்டும். உடலின் பாஸ்பேட், பொட்டாசிய அளவுகள் திடீரென்று குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 8: காவல்துறை

எந்த வளாகத்திலும் மிகப் பெரிய தவறுகள் நடப்பது இந்த இடத்தில். 1965 ஜனவரி 27 அன்று, இந்தித் திணிப்பை எதிர்த்துச் சென்ற அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் சிதம்பரத்தில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். 1970 மே 4 அன்று அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவல் படையினர் 13 விநாடிகள் சுட்டதில் நான்கு மாணவர்கள் இறந்தார்கள். இப்படி முடியும் என்று நினைத்து எந்த நிர்வாகியும் படையை அழைப்பதில்லை. ஆனால் அழைத்த பிறகு நடப்பது அவர் கையில் இல்லை.

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதை நெருக்கமாகக் காட்டுகிறது. 2014இல் மாணவி ஒருவர் கொடுத்த பாலியல் தொந்தரவுப் புகாருக்கு நடுநிலையான விசாரணை கேட்டு, மாணவர்கள் செப்டம்பர் 16 அன்று துணைவேந்தரை முற்றுகையிட்டார்கள். அவர் காவல்துறையை அழைத்தார். நள்ளிரவு கடந்து காவலர்கள் உள்ளே வந்தார்கள். பல மாணவர்கள் அடிபட்டார்கள். சில நாட்களில் கொட்டும் மழையில் ஆயிரக்கணக்கானோர் கொல்கத்தா தெருக்களில் ஊர்வலம் போனார்கள். 2015 ஜனவரியில் துணைவேந்தர் பதவி விலகினார். ஒரு விசாரணைக் குழுவை மாற்றியமைப்பதில் முடிந்திருக்கக்கூடிய விவகாரம் அது. இதற்கு மாறாக, 1969இல் சிகாகோ பல்கலைக்கழக நிர்வாகக் கட்டடத்தை மாணவர்கள் இரண்டு வாரம் பிடித்துவைத்திருந்தபோது, அதன் தலைவர் எட்வர்ட் லெவி கடைசிவரை காவல்துறையை அழைக்கவில்லை. மாணவர்களே வாக்கெடுத்து வெளியேறினார்கள். பிறகு அவர் 42 பேரை வெளியேற்றியது மிகக் கடுமை என்றே நான் கருதுகிறேன். ஆனாலும் அங்கே ஒருவருடைய மண்டையும் உடையவில்லை.

அழைக்க வேண்டிய நிலை எது? உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து, தீவைப்பு, ஆயுதம், வெளியாட்கள் தாக்குதல் ஆகியவை. 2020 ஜனவரி 5 அன்று முகமூடி அணிந்த கும்பல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதிகளுக்குள் புகுந்து அடித்தபோது தேவைப்பட்டது உடனடிக் காவல் பாதுகாப்பு. வகுப்புப் புறக்கணிப்பு, முழக்கம், வாசலில் அமர்தல் ஆகியவை அந்த வகையில் சேரா.

வளாகத்துக்குள் நுழையத் துணைவேந்தரின் அனுமதி தேவை என்பது மரபே தவிர, சட்டம் காவல்துறையை அப்படித் தடுப்பதில்லை. 2019 டிசம்பர் 15 அன்று டெல்லி ஜாமியா மில்லியா பல்கலைக்கழக நூலகத்துக்குள் காவலர்கள் புகுந்து அடித்தபோது, தாங்கள் அனுமதி தரவில்லை என்று நிர்வாகம் சொன்னதால் எந்த மாணவரும் காப்பாற்றப்படவில்லை. ஆகவே ஆண்டின் தொடக்கத்திலேயே மாநகரக் காவல் துணை ஆணையரோடு, அல்லது மாவட்டக் கண்காணிப்பாளரோடு, எழுத்தில் ஓர் உடன்பாடு வேண்டும். அழைக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த வாயில் வழியாக நுழைவது, விடுதிக்குள்ளும் நூலகத்துக்குள்ளும் போவதில்லை, நிர்வாகத்தின் மூத்தவர் ஒருவர் உடன் நிற்பார், உத்தரவின் எல்லை என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 2011 நவம்பரில், தரையில் அமர்ந்திருந்த மாணவர்களின் முகத்தில் மிளகுத் தெளிப்பு அடிக்கப்பட்டது. அதை விசாரித்த குழு, போராட்டக்காரர்கள் அமைத்திருந்த கூடாரங்களை அகற்றும்படி வளாகத் தலைவர் சொன்னாரே தவிர எந்த அளவுக்குப் பலம் பயன்படுத்தலாம் என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று கண்டது.

சட்டத்தின் இரு எல்லைகளை நிர்வாகமும் அறிந்திருக்க வேண்டும். விதிவிலக்கான சூழலில், பெண் காவல் அதிகாரி நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றாலன்றி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தின் மீது நள்ளிரவில் பாய்ந்ததை, 2012ஆம் ஆண்டு ராம்லீலா மைதானத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கண்டித்திருக்கிறது.

படி 9: வகுப்பும் தேர்வும்

போராடாத மாணவருக்கு வகுப்பு கேட்கும் உரிமை உண்டு. அவரை வழிமறிப்பதையும் மிரட்டுவதையும் நிர்வாகம் தடுத்தே ஆக வேண்டும். இதைப் போராடும் மாணவர்களிடம் முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலானோர் இதை ஏற்பார்கள். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணையும் வருகைப் பதிவையும் தண்டனையாகப் பயன்படுத்தக் கூடாது. செமஸ்டர் தேர்வு நெருங்கினால், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் மாற்றுத் தேதியை முன்கூட்டியே அறிவிப்பது நல்லது. கடைசி இரவுவரை ‘தேர்வு உண்டா இல்லையா’ என்று தெரியாமல் இருப்பதுதான் இரு தரப்பு மாணவர்களையும் வதைக்கிறது.

படி 10: ஒழுங்கு நடவடிக்கை

போராட்டத்தில் பங்கேற்றதற்காக எவர் மீதும் நடவடிக்கை கூடாது. பொருளை உடைத்தது, ஒருவரை அடித்தது, சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது போன்ற குறிப்பிட்ட செயலுக்கு, குறிப்பிட்ட நபர் மீது, சான்றோடு மட்டுமே நடவடிக்கை இருக்கலாம். குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்து, சான்றைக் காட்டி, பதில் சொல்ல நேரம் தந்து, மாணவர் விரும்பினால் துணைக்கு ஓர் ஆசிரியரை அழைத்துவர விட்டு, காரணங்களோடு ஆணை எழுத வேண்டும். தேர்வு முறைகேடு போன்ற விவகாரத்தில்கூட மாணவரின் தரப்பைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1962லேயே, உத்தரப் பிரதேசத் தேர்வு வாரிய வழக்கில் தீர்த்திருக்கிறது. யாரோடு போராட்டம் மூண்டதோ அவரே விசாரணை அதிகாரியாக இருக்கக் கூடாது.

விடுதியிலிருந்து வெளியேற்றுவதையும் உதவித்தொகையை நிறுத்துவதையும் சிறு தண்டனைகளாக நினைக்கும் பழக்கம் நம் நிர்வாகங்களில் ஊறிக்கிடக்கிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடைநீக்கத்துக்கு உள்ளாகி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட தலித் ஆய்வு மாணவர்கள் ஐவரில் ஒருவரான ரோஹித் வேமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். முதல் தலைமுறையாகப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவருக்கு அந்த அறையும் அந்த மாதத் தொகையும்தான் ஊரிலிருந்து இங்கே வந்து நிற்க உதவும் தரை. இடைநீக்க ஆணை கொடுக்கும் நாளில், அந்த மாணவர் இன்று இரவு எங்கே தங்குவார், யார் அவரோடு பேசுவார், உளநல ஆலோசகர் எப்போது சந்திப்பார் என்பதற்குப் பதில் இல்லாமல் ஆணையில் கையெழுத்திடக் கூடாது.

காவல்துறையில் கொடுத்த புகார்களைப் பற்றியும் முடிவு வேண்டும். உடன்பாடு ஏற்பட்ட பிறகும் முதல் தகவல் அறிக்கை நிலுவையில் இருந்தால், மூன்று ஆண்டு கழித்துக் கடவுச்சீட்டுக்கோ அரசுப் பணிக்கோ விண்ணப்பிக்கும் மாணவர் அதில் மாட்டிக்கொள்வார். வன்முறை அல்லாத செயல்களுக்கான புகார்களைத் திரும்பப் பெறுவதாக நிர்வாகம் காவல் நிலையத்துக்கு எழுதுவதும், நீதிமன்றத்தில் ஆட்சேபம் இல்லை என்று பதிவு செய்வதும் உடன்பாட்டின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

படி 11: முடிந்த பிறகு

ஒப்புக்கொண்ட ஒவ்வொன்றும் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மாதம் ஒருமுறை அறிவிப்புப் பலகையிலும் இணையதளத்திலும் வெளியிட வேண்டும். தாமதமானால் காரணத்தையும் புதிய தேதியையும் போட வேண்டும். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று ஆண்டு, இளநிலை மாணவரின் காலமும் பெரும்பாலும் அதுவே. இருவரும் போன பிறகு வாக்குறுதியை நினைவில் வைத்திருக்க யாரும் இருப்பதில்லை. அதனால் உடன்பாட்டை ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்திலேயே வைத்துத் தீர்மானமாக்கி, பதிவாளர் அலுவலகக் கோப்பில் சேர்க்க வேண்டும். பொறுப்பு மாறும்போது ஒப்படைக்கப்படும் பட்டியலில் அந்தக் கோப்பின் எண்ணும் இருக்க வேண்டும். மாணவர் தரப்பில் கையெழுத்திட்டவர்கள் படிப்பை முடித்துப் போகும் முன், அவர்களுக்குப் பதிலாக அடுத்த ஆண்டு மாணவர் இருவர் கண்காணிப்புக் குழுவில் சேர்க்கப்பட வேண்டும். முதல் மனு எந்த மேசையில், எத்தனை நாள், எதனால் நின்றது என்பதைக் குறைதீர்ப்புக் குழு தனியே ஆராய்ந்து, ஒரு பக்கக் குறிப்பை அதே கோப்பில் வைக்க வேண்டும்.